அக்கா அழுகவிட்ட மிளகு

அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டதாம். விளைந்த மிளகையெல்லாம் சாக்கில் கட்டித் தண்ணீரில் அழுகப் போட்டிருக்கிறாளாம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் அத்தையிடம் சொல்லி, அத்தை அம்மாவிடம் சொல்லி, அம்மா போனில் என்னிடம் சொன்னபோது அதில் கண்ணீரும் கலந்திருந்தது. கடல் தாண்டி இருப்பவனுக்குக் கவலைப்படக் கற்றுத்தர வேண்டுமா? விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தெருமுனையிலேயே நாற்றம் எதிர்கொண்டு அழைத்தது. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு முறையிட்டார். "சட்டை வாங்கிட்டுப் போனவர் திரும்பி வந்து, செத்த எலியை எந்தப் பையில வெச்சுத் தைச்சேன்னு கேக்கறாரு தம்பி."

வீட்டின் பின்புறத் தொட்டியில் சாக்குகள் அமிழ்ந்து கிடந்தன, மேலே பாரத்துக்குக் கல். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா இறந்த பிறகு மிளகுக்கொடிகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவற்றின் மேல் கொழுந்தனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். மிளகைப் பச்சைக் காயாகப் பறித்து உலர்த்தினால்தான் தோல் சுருங்கிக் கறுப்பாகும். இந்த வருடம் விடாத மழையில் பறிக்க ஆள் வரவில்லை, காயெல்லாம் பழுத்துச் சிவந்துவிட்டது. "உங்களால முடியாது அண்ணி, கொடியை என்கிட்ட விட்டுடுங்க" என்று கொழுந்தன் வந்து நின்றார். இந்த விளைச்சல் விலைபோகவில்லை என்றால் விட்டுவிடுகிறேன் என்று அக்காவும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்துவிட்டு, யாராவது அழுகப் போடுவார்களா?

"தோல்தானேடா அழுகுது," என்றாள் அக்கா. "உள்ள இருக்கிற விதைக்கு என்ன கேடு?"

வெள்ளை மிளகு அப்படித்தான் வருகிறதாம். சூப்பில் கறுப்புப் புள்ளி தெரியக் கூடாது என்று ஓட்டல்காரர்கள் அதைக் கேட்டு வியாபாரியை நச்சரிப்பதை அவள் கடை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். மிச்சத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் சாக்கோடு போட்டு மிதித்தாள், என்னையும் மிதிக்கச் சொன்னாள். மூக்கைப் பொத்த ஒரு கை, வழுக்காமல் சுவரைப் பிடிக்க ஒரு கை. பிறகு தொட்டியில் கொட்டி அலச அலச, தோல் கூழாக மிதந்து போனது. அடியில் தங்கியது சாம்பல் நிறத்தில் இருந்தது. "வெள்ளை எங்கே?" என்றேன். அக்கா மாடியில் துணி விரித்துப் பரப்பினாள். வெயில் ஏற ஏற நாற்றம் அடங்கி, மிளகு வெளுத்துக்கொண்டே வந்தது.

நன்றாகக் காய்ந்த பிறகு வியாபாரி வந்தார். ஒன்றைக் கடித்தார், கண்ணில் நீர் வந்தது. இன்னொரு பிடியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். கறுப்பு மிளகைவிடக் கூடுதல் விலை சொல்லி, ஒரு மணி விடாமல் எடுத்துக்கொண்டார். அடுத்ததும் எனக்கே வேண்டும் என்று வேறு கேட்டுக்கொண்டார்.

தையல்காரர் தெருவில் நின்று, "நான் அப்பவே சொன்னேன், அக்கா கைராசிக்காரங்கன்னு" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கொழுந்தன் தோட்டத்திலும் அதே மழைதான். அங்கேயும் எல்லாம் சிவந்துதான் கிடக்கிறதாம்.

கொடியில் மிச்சமிருந்ததையும் பறித்துச் சாக்கில் கட்டி அக்கா தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. கொழுந்தன். எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் முழங்கை வரை தண்ணீரில்.

"யாரு, என் கொழுந்தனா?" என்றாள். "அடிக்கட்டும். சாக்கு அமுங்கட்டும் முதல்ல."

என் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.