மூன்றாவது பாட்டில்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்செக்டர் தலையில் ஊன்றி, பிடியைக் காதுக்குள் திணிக்காத குறையாக வைத்துக்கொண்டு, கண்ணை மூடிவிடுகிறார் பாண்டியன். எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்தவர்கள், ஆள் நின்றபடியே தூங்கிவிட்டார் என்று நினைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தாடிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பும். "மாட்னாண்டா!" என்று கத்திக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றி வருவார். குற்றவாளி பிடிபட்ட சந்தோஷத்தில் இந்த மனிதர் போடுகிற ஆட்டத்தைப் பார்த்து, செலவை நினைத்து அழுவதா, கூடச் சேர்ந்து ஆடுவதா என்று தெரியாமல் நிற்பார் வண்டிக்காரர்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் பட்டறை. எதிரே எல்லப்பனின் டீக்கடை, அதை ஒட்டி வேதகிரியின் சலூன். பாண்டியனுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. தாடியில் எந்நேரமும் டீசல் வாசனை. வேதகிரிக்கு அந்தத் தாடி தினசரி மனவேதனை. "எங்கடைக்கு எதுக்காலயே இப்டி ஒரு தாடி நின்னுக்கினு இருந்தா, நான் எப்டிப்பா பொயக்கிறது?"

இஞ்செக்டர் என்றால் எஞ்சினுக்கு டீசலை ஊட்டிவிடுகிற சின்னக் குழல். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், பாண்டியன் விளக்குவார்: "நல்ல இஞ்செக்டருன்னா கல்யாண வூட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிறாப்ல தெளிக்கணும். கெட்டுப்பூட்டா ஜொள்ளு வுட்டுக்கினு கீது, அவ்ளோதாம்பா." எஞ்சினில் இருக்கிற நாலில் ஜொள்ளு விடுகிறவனைக் கண்டுபிடித்துக் கழற்றி, கரியைக் கழுவி, தேய்ந்த நாசில் முனையை மாற்றி, மறுபடியும் பன்னீர் தெளிக்க வைப்பது அவருடைய பிழைப்பு.

அதில் அவர் தப்பாகச் சொன்னதே கிடையாது. வம்பு என்னவென்றால், மற்ற எதிலும் தப்பாகச் சொன்னதில்லை என்றுதான் அவர் எண்ணம். "நா சொன்னா சொன்னதுதான்." ஒருமுறை பெருநகர் பஸ் இதோ வந்துவிடும் என்றார். வரவே இல்லை. "வந்துச்சுபா, நீங்கதான் பேசிக்கினே கோட்டை வுட்டுட்டீங்கோ" என்று சாதித்தார். நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் நம்பியும் தொலைத்தார்கள்.

காதால் கண்டுபிடித்ததை ஊருக்கு நிரூபிக்க பாட்டில் பந்தயம் வைத்திருக்கிறார். நாலு இஞ்செக்டரிலும் மிச்ச டீசல் திரும்பிப் போகிற குழாயைப் பிடுங்கிவிட்டு, ஆளுக்கொரு டியூப் செருகி, நாலு இருமல் மருந்து பாட்டிலில் விடுவார். எஞ்சின் ஓட ஓட, எந்த பாட்டில் முதலில் நிரம்புகிறதோ அந்த இஞ்செக்டர் உள்ளே தேய்ந்துபோயிற்று என்று அர்த்தம். பெரிய சர்வீஸ் சென்டர்களிலும் இதே சோதனைதான் செய்கிறார்கள். ஆனால் அங்கே யாரும் விசில் அடிப்பதில்லை. இங்கே டீக்கடையே காலியாகி பட்டறைக்குள் வந்துவிடும். ஆளுக்கு ஒரு பாட்டிலைச் சொல்ல வேண்டும். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். பாண்டியன் மட்டும் ஆடக்கூடாது. அவருக்குத்தான் விடை தெரியுமே!

போன வாரம் அந்தச் சட்டத்தை உடைத்தவர் ஷாரோன். சாலவாக்கத்துப் பெண், சொந்தமாக டாக்சி ஓட்டுகிறவர். அவருக்கும் பாண்டியனுக்கும் இடையில் இருக்கிற பிரியம் டீக்கடைக்குத் தெரியும், சலூனுக்குத் தெரியும். ஷாரோனின் அப்பாவுக்கு மட்டும் தெரியாது. அவர் பெயர் சின்னப்பையன். பெயரைத் தவிர அவரிடம் சின்னதாக எதுவும் இல்லை. பெண் கேட்டு வருகிறவன் என்ன சொன்னாலும், "அப்புறம்?" என்று மட்டும் கேட்பார். போன தடவை வந்த ஒருவன் படிப்பு, சம்பளம், அக்காவின் கல்யாணம், மாட்டுக்கு வந்த காய்ச்சல்வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்து, சொல்ல ஒன்றுமில்லாமல் செருப்பைக்கூட மறந்து ஓடிவிட்டான். நாள் முழுக்க வாய் ஓயாத பாண்டியனுக்கு அந்த "அப்புறம்?" சொப்பனத்தில்கூடக் கேட்கிறது. வருகிறேன், வருகிறேன் என்றே நாளைக் கடத்திவந்தார்.

அன்றைக்கு ஷாரோனின் வண்டி உதறிக்கொண்டே வந்து நின்றது. பாண்டியன் ஸ்க்ரூடிரைவரை ஊன்றினார், கண்ணை மூடினார். இரண்டாவது இஞ்செக்டர். சந்தேகமே இல்லை. "மாட்..." என்று வாயைத் திறப்பதற்குள் ஷாரோன் கையை நீட்டித் தடுத்தார்.

"சொல்லாத மெக்கானிக்கே. பாட்டில கட்டு. இன்னிக்கி நீயும் நானுந்தான் ஆட்றோம்."

"எனக்குத்தான் தெரியுமே. அது ஞாயமா?"

"தெரிஞ்சா சொல்லு, ஜெயி. நீ ஜெயிச்சா, எங்க நைனாகிட்ட வந்து பேசுன்னு இனிமே உன்ன பேஜார் பண்ணமாட்டேன். அவரு பாக்குற மாப்ளைக்கி சரின்னு சொல்டுவேன். நா ஜெயிச்சா, ஞாயித்துக்கெயம நீ எங்க வூட்டுக்கு வர்ற. நீயே மொதல்ல சொல்லு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. எல்லப்பன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு சாலையைத் தாண்டி ஓடிவந்தார்.

பாண்டியன் நாலு பாட்டிலையும் பார்த்தார். ரெண்டு என்று சொல்லிவிட்டால் போதும். சொன்னது சொன்னதாகவே இருக்கும். "அப்புறம்?" என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஷாரோனும் இருக்கப் போவதில்லை.   விரலை நீட்டினார்.

"மூணு."

"ரெண்டு" என்றார் ஷாரோன், மூச்சுவிடாமல்.

"அதெப்படி ஒடனே சொல்ற?" என்று எல்லப்பன் கேட்டார்.

"ஸ்க்ரூடிரைவர அதும்மேலதான ரொம்ப நேரம் வெச்சிக்கினு இருந்தாரு."

எஞ்சின் ஓடியது. இரண்டாவது பாட்டிலில் டீசல் குபுகுபுவென்று ஏறியது. மூன்றாவதில் பாட்டிலின் அடி நனைந்ததோடு சரி. கொட்டகை கூரை பறக்கிற அளவுக்குக் கூச்சல். "பாண்டியனுக்கு காது பூட்ச்சுபா!" என்று வேதகிரி குதித்தார். "இன்னாபா, சொன்னா சொன்னதுதானா?" என்று எல்லப்பன் இழுத்தார்.

"தப்பா சொல்டேம்பா" என்றார் பாண்டியன். பிறந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் பானெட்டைப் பிடித்துக்கொண்டார். ஷாரோன் எஞ்சினை அணைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கேட்டால் புகை என்பார்.

எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு, பழந்துணியில் கையைத் துடைத்தபடி பாண்டியன் சாலையைத் தாண்டினார். டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை. நேராகச் சலூனுக்குள் போய், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டார். பின்னாலேயே ஓடிவந்த வேதகிரி நம்ப முடியாமல் வாசலில் நின்றார்.

"வேதகிரி, நீ சரைக்கிறப்போ, அப்புறம் அப்புறம்னு கேட்டுக்கினே இரு. நா சொல்லிக்கினே வரேன்."

வேதகிரி கத்தியை எடுத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சின்னப்பையனைப் போலவே கேட்டார்: "அப்புறம்?"

பாண்டியன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாடியை உயர்த்திக் காட்டினார்.