மணிக்கட்டில் மாட்டிய கேமரா

எழில்மொழியை ஓர் இடத்தில் நிற்க வைப்பது கடினம். மயிலாடுதுறைக்குக் கிழக்கே பத்துப் பதினைந்து ஊர்களில் கலியாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று பதினோரு வருடமாகப் படம் எடுக்கிறாள். வயது முப்பத்து நான்கு. பந்தியில் உட்கார்ந்து அவள் முழுச்சாப்பாடு சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. பாயசம் வரும்போது எழுந்து போயிருப்பாள்.

முதல் எட்டு வருடம் கேமரா அவள் கழுத்தில் தொங்கியது. லென்ஸோடு சேர்த்து இரண்டு கிலோ. ஒருநாள் காலையில் தலையைத் திருப்ப முடியவில்லை. வலி தோளில் இறங்கிக் கட்டைவிரல் வரை மின்சாரம் மாதிரி ஓடியது. கும்பகோணத்து டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எலும்பு தேய ஆரம்பிச்சிருக்கு. கழுத்துல இனிமே எதையும் தொங்கவிடாதீங்க” என்றார்.

அப்படி வந்ததுதான் மணிக்கட்டு ஸ்ட்ராப். கேமராவின் ஒரு முனையில் கோத்து, கையை நுழைத்து இறுக்கிக்கொள்ளும் பட்டை. வலிக்காக வாங்கியது வேலைக்கும் உதவியது. கூட்டத்தின் தலைக்கு மேலே கையைத் தூக்கலாம், குழந்தைகளின் உயரத்துக்கு இறக்கலாம். தண்ணீர் தெறித்தால் நொடியில் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கலாம்.

போன தை மாதம் சென்னையிலிருந்து ஷைலஜா என்பவள் போன் செய்தாள். அப்பாவுக்கு அறுபதாம் கலியாணம், திருக்கடையூரில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். எழில்மொழி எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் பார்த்தாளாம். அப்பா பெயர் நாகேஸ்வரன் என்றும் அவர் பிறந்த ஊர் இன்னதென்றும் சொன்னபோது எழில்மொழிக்குப் புரிந்துவிட்டது. அது அவளுடைய ஊர். தன் அப்பா பெயரைச் சொல்லி வேலையை ஒப்புக்கொண்டாள். நாகேஸ்வரனின் அப்பா அந்த ஊரின் பெரிய மிராசு. எழில்மொழியின் தாத்தா அவருக்குப் பண்ணையாள். அப்பா ரெத்தினமும் பதினான்கு வயதில் அதே வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். இப்போது ஆறு மா நிலம் அவர் பேரிலேயே இருக்கிறது.

விசேஷத்தன்று விடியற்காலை ரெத்தினம் வாசலில் நின்றார்.

“கேமராவ எப்படிம்மா எடுத்துட்டுப் போவ?”

“கையிலதாம்ப்பா. எப்பவும் மாதிரி.”

“அதான் சரி. மாலை மாதிரி கழுத்துல போட்டுக்கிட்டு அவங்க முன்னாடி நின்னுடாத.”

அவள் சிரித்துவிட்டாள். “கழுத்து வலிக்கு வாங்கினதுப்பா இது.”

“எதுக்கு வாங்கினா என்ன. பாக்க மரியாதையா இருக்குல்ல.”

ரெத்தினத்தின் அப்பா மிராசைத் தெருவில் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். அவர் மட்டுமல்ல, சேரி முழுக்க அப்படித்தான். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அந்த விதி இல்லை. எழுதாத விதிக்கு ஒரு வசதி உண்டு, அதை யாரும் ரத்து செய்ய முடியாது. செங்கொடி வந்தது, கூலிப் போராட்டம் வந்தது, துண்டு தோளுக்கு ஏறியது. ஆனால் மிராசு வீட்டுத் தெருவைத் தாண்டும்போது ரெத்தினத்தின் கை இன்றைக்கும் ஒருமுறை தோளுக்குப் போய்த் திரும்பும். பழக்கம் என்பார். பயத்துக்கு மக்கள் வைத்த நாகரிகமான பெயர் அது.

மண்டபத்தில் நாகேஸ்வரன் அன்பாகத்தான் பேசினார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், மெல்லிய குரல்.

“ரெத்தினத்தோட பொண்ணாமே. ஷைலு சொன்னா. அதான் பாத்தேன், மத்த பசங்கள்லாம் கேமராவப் பதக்கம் மாதிரி கழுத்துல மாட்டிண்டு அலையறா. நீ கையில அடக்கமா வச்சிண்டிருக்கே. நல்ல வளர்ப்பு. அப்பா மாதிரியே.”

பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எழில்மொழி ஹோமப் புகையைச் சாக்கிட்டு வெளியே வந்தாள். காலையில் அப்பா சொன்னதையும் இப்போது இவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தாள். ஒருவர் பயத்தில் சொன்னார், ஒருவர் பிரியத்தில் சொன்னார். இரண்டு பேரும் அவள் மணிக்கட்டைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

கார் அருகே போய்ப் பையைத் துழாவினாள். பழைய கழுத்து ஸ்ட்ராப் அடியில் கிடந்தது. மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அரை மணி நேரம்தான். குனிந்தபோது கேமரா முன்னால் வீசிக் கலசத்தை உரசப் பார்த்தது. “பாத்தும்மா, பாத்து” என்றார் புரோகிதர். வலி தோளிலிருந்து கட்டைவிரலுக்கு வந்தது. எடுத்ததைத் திருப்பிப் பார்த்தாள். கடைசி ஏழு படத்தில் ஐந்து ஆடியிருந்தன. அடுத்தது கலசநீர் ஊற்றும் சடங்கு. தம்பதியைப் பலகையில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் ஊற்றும் முதல் குடம் ஒரே ஒரு முறை. அந்தப் படம் போனால் போனதுதான். ஆடிய படங்களைக் கொடுத்துவிட்டு எந்த மானத்தோடு ஊருக்குப் போவது?

அவர் பாராட்டினார் என்பதற்காக மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினாலும் அவர் சொல்படி நடப்பதுதானே என்று அப்போதுதான் உறைத்தது. கழுத்து ஸ்ட்ராப்பைக் கழற்றிப் பையில் திணித்தாள். மணிக்கட்டில் பட்டையை மாட்டி இறுக்கினாள். நேராகப் பலகை அருகே போனாள்.

“சார், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லும்மா.”

“எனக்குக் கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு. அதனாலதான் கேமராவக் கையில வச்சிருக்கேன். அடக்கத்துக்கு இல்ல.”

“நான் நல்லதாத்தானேம்மா சொன்னேன்.”

“தெரியும் சார். எங்க தாத்தா துண்ட இடுப்புல கட்டினப்பவும் உங்க வீட்டுல நல்லதாத்தான் சொல்லியிருப்பாங்க.”

நாகேஸ்வரன் பலகையில் நகர்ந்து நேராக உட்கார்ந்தார். அவர் மனைவி பாகீரதி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். குடத்தோடு நின்ற ஷைலஜா, “ஊத்தட்டுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஊத்துங்க” என்றாள் எழில்மொழி, கேமராவை உயர்த்தி.

மாலையில் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது ரெத்தினம் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அவர்கிட்டயேவா சொன்ன?”

“ம்.”

“துண்டு விஷயத்தையுமா?”

“அதையும்தான்.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

வாய்க்கால் மடையை அடைக்கப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். “திட்டலையா?”

“இல்லப்பா.”

போனார். எழில்மொழி கேமராவைத் துடைத்து வைத்துவிட்டுச் சோற்றில் கைவைத்தபோது மறுபடி வாசலில் நின்றார், முழங்கால் வரை சேறு.

“ஒண்ணுமே சொல்லலையா?”