இரண்டு கட்சிக்கும் ஒரே தொண்டை

பஞ்சரான டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தபடி தொண்டையைச் செருமிக்கொள்கிறார் வலியுல்லா. குமிழி கிளம்பும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "விடுவி... விடுவி..." என்று அடிக்குரலில் சொல்லிப் பார்க்கிறார். சரிப்படவில்லை. ஒரு மடக்கு வெந்நீர். மறுபடியும், "விடுவி!" தொட்டித் தண்ணீரே ஒரு முறை நடுங்கி அடங்குகிறது. சத்தியமாகச் சிலிர்க்கிறது! இன்று மந்தைவெளியில் சந்தித்த மனிதர் இவர்தான். பஞ்சர் ஒட்டுவது தொழில், கோஷம் போடுவது அதற்கும் மேலே.

தெருவுக்கு அடியில் மெட்ரோ ரயில் வரப்போகிறது. அதற்கு யார் பணம் கொடுப்பது என்று தெருவுக்கு மேலே இரண்டு கட்சிகள் மல்லுக்கு நிற்கின்றன. ஒன்று காலையில் கூடி, டெல்லி பணம் தரவில்லை என்கிறது. மற்றது மாலையில் கூடி, வந்த பணத்தைக் கோட்டை என்ன செய்தது என்கிறது. நடுவில் வெயில் அதிகம் என்பதால் மக்கள் பிரச்சினைக்கு ஓய்வு. இரண்டு கூட்டத்திலும் மைக் பிடிப்பவர் வலியுல்லாதான். தோளில் கிடக்கும் துண்டை மட்டும் மாற்றிக்கொள்வார். இரண்டு துண்டும் கடைச் சுவரில் அடுத்தடுத்த ஆணியில் தொங்குகின்றன. இதுவரை சண்டை போட்டுக்கொண்டதில்லை.

பழைய வாடிக்கையாளர் ஸ்ரீனிவாசராகவனுக்கு இது பொறுக்கவில்லை. "என்ன பாய், காத்தால டெல்லிய திட்டறேள், சாயங்காலம் கோட்டைய திட்டறேள். உங்களுக்குன்னு ஒரு கொள்கையே கிடையாதா?"

"இன்னா சாமி, முன் டயருக்கு ஒட்டுனா பின் டயருக்கு ஒட்டக்கூடாதா? வண்டி ஓடணும்ல?"

"எங்க ஓடறது? ஆத்துலேர்ந்து உருட்டிண்டு வந்து, சக்கரத்தைக் கழட்டி, தகரத்துக்கு மேலாக்க தூக்கிக் குடுத்துண்டிருக்கேன்!"

அந்தத் தகரம்தான் வலியுல்லாவின் ஒரே கொள்கை. ரயில் வேலைக்காக எட்டு மாதத்துக்கு முன்பு கடைக்கு எதிரே ஆளுயரத் தகரத் தடுப்பு முளைத்தது. ஓரத்தில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஒரு ஆள் நுழையலாம். ஸ்கூட்டருக்கு வயிற்றை எக்கத் தெரியாது. பத்தொன்பது வருடக் கடைக்கு அதன்பிறகு ஈ கூட நடந்துதான் வந்தது.

கேட்காமலா இருந்தார்? காலைக் கட்சியின் வட்டச் செயலாளர், "நிதி வரட்டும் பாய், மொத வேலை உன்னுதுதான்" என்றார். மாலைக் கட்சியின் வட்டத் தலைவர், "நிதி எங்க போச்சுன்னு தெரியட்டும் பாய், அப்பால பாக்கலாம்" என்றார்.

"ஒரு தகரத்துக்கு நாலே நாலு போல்ட்டு நைனா," என்று நாலு விரலை விரித்துக் காட்டுகிறார் வலியுல்லா. "அத்தக் கழட்ட டெல்லிலேர்ந்து துட்டு வரணுமாம். ஸ்பேனர் நான் தரேன்யான்னா, திட்டத்துல இல்லேன்னானுங்க."

வீட்டில் மனைவி ஜைதூன் பீ கெடு வைத்துவிட்டார். "இந்த மாசம் பாருய்யா. அப்பவும் வழி வுடலேன்னா கடையக் காலி பண்ணிட்டு, உன் கட்சிக்காரனுங்க ஊட்டாண்ட போய்க் குந்திக்க."

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது காலைக் கட்சியின் ஆர்ப்பாட்டம் அந்தத் தகரத்துக்கு முன்னாலேயே நடந்தது. இருநூறு பேர். டெம்போ மேல் வலியுல்லா. "விடுவி விடுவி! ரயில் நிதியை விடுவி!" கூட்டம் அப்படியே திருப்பிச் சொன்னது. அப்போதுதான் அவர் கண்ணில் ஜலஜா பட்டார். வயலின் டீச்சர், பல வருட வாடிக்கை. காற்று இறங்கிய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தவர், தகரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேறு கடை தேடி வண்டியைத் திருப்பினார்.

வலியுல்லாவின் வாய் தானாகத் திரும்பியது.

"விடு விடு! வழியை விடு!"

"விடு விடு! வழியை விடு!" என்றது கூட்டம்.

"பஞ்சர் கடைக்கு வழியை விடு!"

"பஞ்சர் கடைக்கு வழியை விடு!"

"நாலு போல்ட்டைக் கழட்டி விடு!"

இருநூறு தொண்டைகளும் நாலு போல்ட்டைக் கழற்றச் சொல்லி முழங்கின. முன்வரிசைத் தலைவர் நரம்பு புடைக்க முஷ்டியை உயர்த்தினார். எந்த போல்ட் என்று ஒருவர் கேட்க வேண்டுமே! திரும்பிப் பார்த்தவர் ஜலஜா மட்டும்தான்.

மதியத்துக்குள் வீடியோ எல்லார் போனிலும் வந்துவிட்டது. மாலையில் துண்டு மாற்றிக்கொண்டு போனால், வட்டத் தலைவர் காதோரம் குனிந்தார். "காத்தால அவனுங்களுக்கு இன்னாவோ போல்ட்டுன்னு சொன்னியாமே பாய்? நமக்கும் நாலு தபா சொல்லேன்." வலியுல்லா எட்டு தபா சொன்னார்.

மறுநாள் காலை டீ ஆறுவதற்குள் இரண்டு தொழிலாளிகள் வந்து ஒரு தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். யார் சொன்னது என்று அவர்களுக்கே தெரியவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு கடைக்குள் வெயில் நேராக விழுந்தது. வலியுல்லா அதில் போய் நின்றுகொண்டார், சும்மா.

மதியம் காலைக் கட்சி வந்தது. 'வழி திறந்த எங்கள் தலைவருக்கு நன்றி' என்று ஒரு ஃப்ளெக்ஸ். கட்டக் கம்பம் வேண்டுமே? திறந்த வழிக்கு இரண்டு பக்கமும் இருந்த கம்பங்கள் வசதியாக இருந்தன. குறுக்கே இழுத்துக் கட்டினார்கள். மாலையில் மற்றக் கட்சி வந்து, 'எங்கள் போராட்டத்தால் திறந்த வழி' என்று அதன்மேலேயே இன்னொன்றைக் கட்டியது. இரண்டு தலைவர்களும் கைகூப்பியபடி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"கிழிச்சிப் போட வேண்டியதுதானே பாய்?" என்றால் வலியுல்லா பதறுகிறார். "அய்யே, நாளைக்கு ரெண்டு மைக்கும் போயிடும் நைனா."

மந்தைவெளிப் பக்கம் போகிறவர்கள், டயரில் காற்று இருந்தாலும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள். ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று ஒரு ஹாரன் அடித்தால் போதும். அந்தப் பக்கத்திலிருந்து, "குனிஞ்சிக்கினு வா, குனிஞ்சிக்கினு வா!" என்று ஒரு குரல் வரும். கிரீஸ் படிந்த ஒரு கை அடியில் நுழைந்து, தலைவர்கள் இருவரையும் ஒரே பிடியில் மேலே தூக்கும்.