இசக்கியம்மாவும் சூடு காட்டிய பெட்டியும்

கீழ் கோத்தகிரியில் எது பழுதானாலும் குற்றவாளி ஏற்கெனவே பிடிபட்டிருப்பார்: மூடுபனி. தீக்குச்சி பற்றவில்லையா, பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லையா, எல்லாம் அவர் கைவரிசைதான். ஆகவே லேப்டாப்பில் இன்டர்நெட் நின்றதும், மருதாசலம் வைஃபை பெட்டியை லைன் ஒயரோடு இழுத்துப்போய் அடுப்படி மேடையில் வைத்துச் சூடு காட்டியதில் குற்றம் காண முடியாது. தேயிலை ஃபேக்டரியில் இருபத்தேழு வருடம் கிளார்க்காக, ஆட்கள் வாயில் 'ரைட்டராக', இருந்தவர். ஈரம் என்றால் காயவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

லைன் பார்க்க வந்த இசக்கியம்மா சிரிக்கவில்லை. அதுவே பெரிய காரியம். அதே ஃபேக்டரியில் இலை காயவைக்கிற டிரையரைப் பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டவர் அவர். ஐந்து நிமிடம் பிந்தினால் அரை நாள் லீவு எழுதியவர் இந்த மருதாசலம். தேயிலை விலை சரிந்து ஃபேக்டரி மூடியபோது இருவரும் ஒரே நாளில் ஒரே கேட் வழியாக வெளியே வந்தார்கள். மருதாசலம் வீட்டுக்குப் போனார். இசக்கியம்மா கடைவீதி கேபிள் ஆபீசுக்குப் போய், "கம்பம் ஏற ஆள் வேணுமுங்களா?" என்று கேட்டார். வயது நாற்பத்து மூன்று. முதலாளி சிரித்தார். நாலே மாதத்தில் அந்த மலைச்சரிவின் கேபிள், இன்டர்நெட் லைன் முழுவதும் இசக்கியம்மா கையில்.

"ஏனுங்க இசக்கியம்மா, உள்ள பனி எறங்கிருச்சுங்க. நல்லா காய வெச்சிருக்கேன்."

"இன்னொரு சுத்து வறுத்தா குன்னூர் தேயிலை ஏலத்துக்கே அனுப்பலாமுங்க, ரைட்டரய்யா."

மணி பத்து நாற்பது. பதினொன்றுக்கு மகள் ஸ்ரீமதிக்கு லேப்டாப் வழியே வேலைக்கான நேர்காணல். அந்த வீட்டில் சம்பளம் என்ற சொல் மறுபடி புழங்க அது ஒன்றுதான் வழி.

பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை. இசக்கியம்மா தன் செல்போனை அதோடு இணைத்துப் பார்த்தார், ஓடியது. லைன் நன்று, பெட்டி நன்று. ஆபீஸ் விதிப்படி வேலை அங்கே முடிந்தது. வாடிக்கையாளரின் மெஷினைத் தொடக் கூடாது. ஃபேக்டரியில் ஒருமுறை இலை உருட்டும் ரோலர் சிக்கியபோது கைகொடுக்கப் போன இசக்கியம்மாவுக்கு, "டிரையர்காரிக்கு ரோலர்ல என்ன வேலை?" என்று மெமோ நீட்டியவரும் மருதாசலம்தான். அது ஞாபகம் வந்தது. லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டார்.

"நேத்து இதுல என்னங்க பண்ணுனீங்க?"

"ஒண்ணுமே பண்ணலீங்க."

"அப்டேட் போட்டது யாருப்பா?" என்றாள் ஸ்ரீமதி.

"அது கேட்டுது. மரியாதைக்குச் சரின்னேன்."

அந்த அப்டேட், வைஃபையைப் பிடிக்கும் பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதிதை உட்கார்த்தியிருந்தது. பழையதைத் திரும்பக் கொண்டுவந்து, அணைத்துப் போட வேண்டும். அந்தக் கிழட்டு லேப்டாப் விழிக்கவே கால் மணி நேரம் ஆகும். மணி பத்து ஐம்பத்தொன்று.

கம்ப்யூட்டர் மட்டும் படித்தவர் அங்கேயே ரிப்பேரில் இறங்கியிருப்பார். டிரையர் நின்றால் இசக்கியம்மா முதலில் ஸ்பானரைத் தேட மாட்டார். உருட்டிய இலை காத்திருக்காது, புளித்துவிடும். அதைப் பக்கத்து டிரையருக்குத் தள்ளிவிட்டுத்தான் பழுது.

"மொதல்ல இலையக் காப்பாத்துவோமுங்க" என்று பையிலிருந்து ஒரு முழ நெட் ஒயரை எடுத்தார். பெட்டி இருந்த அடுப்படி மேடையைத் தாண்டி அது எட்டாது. லேப்டாப் அங்கே போனது. ஒயரைச் செருகியதும் நெட் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையும் அதற்குமேல் ஸ்வெட்டருமாக ஸ்ரீமதி அரிசி டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விசிலடிக்கத் தயாராயிருந்த குக்கரின் அடுப்பை அணைத்துவிட்டு, இசக்கியம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினார். மருதாசலம் எட்டிப் பார்க்க நகர்ந்தார்.

"உள்ள போனீங்கன்னா அரை நாள் லீவு போட்ருவேன்."

அவர் நின்றுவிட்டார்.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. "அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா."

அதன் பிறகுதான் ரிப்பேர். பழைய மென்பொருள் திரும்பியது, வைஃபை பிடித்தது, பெட்டி முன்னறைக்குக் குடிபோனது. கடைசியாக, செய்த வேலையை வாடிக்கையாளர் எழுதித் தரவேண்டிய ஆபீஸ் சீட்டு. மெஷினைத் தொட்டது தெரிந்தால் கேள்வி வரும்; இசக்கியம்மா அதைச் சொல்லாமலே நீட்டினார்.

மருதாசலம் சீட்டில் அச்சடித்திருந்த விதிகளை ஒருவரி விடாமல் படித்தார். ஐந்து நிமிடத்தைக்கூட மன்னிக்காத அந்த முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: 'பெட்டி மட்டும் பார்க்கப்பட்டது.'

மட்டும் என்பதற்குக் கீழே ஒரு கோடும் போட்டார்.