கிணற்றை வலிப்பு என்று எழுதினேன்

"இது ஒண்டாவது நல்லா இருக்கெண்டு சந்தோசப்படுங்கோவன், தங்கச்சி. இல்லாத சாவை எங்க போய்த் தேடுறது?"

கொழும்பில் நான் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த சுகாதார அலுவலகத்தில் மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். மாவட்டங்களை ஒப்பிடும் அட்டவணை மேசையில் கிடந்தது. நிறை குறைந்த பிள்ளைகள், இரத்தசோகையுள்ள தாய்மார் என்று எந்த நிரலிலும் எங்கள் புத்தளம் பெருமைப்படும்படி இல்லை. விபத்தில் இறந்த பிள்ளைகளின் நிரலில் மட்டும் நல்ல பெயரோடு நின்றது. அதனால், கிணறுகளைச் சுற்றிச் சுவர்க்கட்டு எழுப்பும் திட்டத்தில் எங்களுக்குக் கடைசி இடம்.

"சேர், எங்கட பக்கம் தோட்டக் கிணறுகளுக்குக் கட்டே இல்ல. மண்ணோட மண்ணாக் கிடக்கு. புள்ளைகள் விழுறாங்க."

"விழுந்து செத்தா எழுதியிருப்பாங்கள்தானே?"

எழுதத்தான் செய்தோம். எழுதியது நான்.

எங்கள் ஊரான எத்தாளையில் வாப்பா குத்தகைக்கு எடுத்த வெங்காயத் தோட்டத்தில் என் தங்கை கிணற்றில் விழுந்தாள். நாலு வயது. தூக்கும்போது மூச்சில்லை. உள்ளதைச் சொன்னால் மரண விசாரணை வரும், ஆஸ்பத்திரியில் உடலை வெட்டுவார்கள், அன்றைக்கே அடக்க முடியாது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்; கிணற்றில் போன பிள்ளைகளை வலிப்பு, காய்ச்சல் என்றே எழுதுவார்கள்.

"மையித்த வெட்ட உடமாட்டன்," என்றார் வாப்பா. "வலிப்பு வந்து மௌத்தாகிட்டாண்டு எழுது மகள். படிச்சவ நீதானே."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது பத்தாம் ஆண்டு. வீட்டுக்கு வந்த கிராம சேவகர் கடிதத்தை வாங்கி, "நல்ல கையெழுத்து" என்றார். பிள்ளையின் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பாராட்டுக்கு நான் வெட்கத்தோடு சிரித்ததை நினைத்தால் இன்றும் என்னை அறையத் தோன்றுகிறது.

அந்தக் கிணறு இன்னும் திறந்துதான் கிடக்கிறது. அதே தோட்டத்தில் இப்போது என் மூத்தவள் ராத்தாவின் மகள் நடை பழகுகிறாள்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய், பதிவைத் திருத்தப்போகிறேன் என்றேன். வாப்பா எழும்பிவிட்டார்.

"அடக்கினதத் தோண்டப் போறியா? இதுக்கா ஒன்னப் படிக்க வெச்சன்?"

"ஓம் வாப்பா, இதுக்குத்தான்."

"ஊருல என்ன கதைப்பாங்க?"

"கதைக்கட்டும். அவங்கவங்க வீட்டு வலிப்பையும் சேத்துக் கதைக்கட்டும்."

வாப்பா வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். உம்மா அலுமாரியைத் திறந்து, மரணச் சான்றிதழை எடுத்து என் கையில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசியில் ஒப்பமிட்டேன்: தங்கை கிணற்றில் விழுந்து இறந்தாள், வலிப்பு என்று பொய் எழுதியவள் நான். பிறகு புத்தளத்துக்குப் பஸ் ஏறி, பதிவாளர் அலுவலகத்தில் திருத்த விண்ணப்பத்தோடு அதைக் கொடுத்தேன்.

"இதால உங்களுக்கே வழக்கு வரலாம், மிஸ்," என்றார் எழுதுவினைஞர்.

"வரட்டும். நீங்க பதிஞ்சு தாங்க."

சாட்சிக்கு விட்டிருந்த இடத்தில், என்னோடு வந்த உம்மா பெருவிரலை அழுத்தி வைத்தார்.