துண்டுக்குள் மடிக்கணினி

மலேசியாவில், பத்து பாகாட் என்ற ஊரில் கணினி பழுது பார்க்கிறேன். ஒரு மதியம் தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர், கீழே விழுந்த மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மெலிந்த உருவம், விரல்களில் மார்க்கர் மை. ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் இரண்டு விரல்கள் என் கண்ணாடி மேசையை அழுத்தின, கணினியில் சேவ் பண்ண இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவோமே, அப்படி.

“ஹார்ட் டிஸ்க் போச்சு டீச்சர். வேற எதுலயாச்சும் போட்டு வச்சிருக்கீங்களா?”

“இதுலயே சேவ் பண்ணிட்டேனே லா.”

வாசிக்கத் திணறிய பிள்ளைகள் முதன்முதலாக வாசித்த குரல்களை அதில் பதிந்து வைத்திருந்தாராம்.

“மறுபடியும் வாசிக்கச் சொல்லி எடுத்துடலாமே?” என்றேன், பெரிய யோசனை சொல்வதுபோல.

“‘பட்டம்’னு சொல்றதுக்குள்ள ஒருத்தன் மூணு தடவ மூச்சு வாங்குவான் தம்பி. இப்ப கடகடன்னு வாசிக்கிறான். அந்தத் திக்கல எங்க போய் எடுக்கிறது?”

மூடியைச் சாத்தி அவர் பக்கம் நகர்த்தினேன்.

மடிக்கணினியை மறுபடி துண்டில் சுற்றினார். வாசலில் நின்று, துண்டின் மேல் அந்த இரண்டு விரல்களால் ஒருமுறை அழுத்தினார். எதைச் சேமித்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.