தலைவரம்மா தூக்காத கை

மேசைமேல் அசையாமல் கிடந்த ஒரு வலது கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நாற்று நட்டு நட்டு விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் தழும்பேறிய கை. ஊரே கை தூக்கி நின்றபோது அது மட்டும் தீர்மானப் புத்தகத்தின் அருகே அப்படியே கிடந்தது. பக்கத்து நாற்காலியில் பேனாவோடு இருந்தவன் நான். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு சிறிய ஊராட்சியில் அப்போது செயலர்.

பண்ணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தெற்குத் தெருவிலிருந்து தலைவர் நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர். எல்லோருக்கும் தலைவரம்மா. வாக்குக் கேட்டபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: சுடுகாட்டுக்குப் பாதை. அந்தத் தெருவில் யார் செத்தாலும் மிராசுதாரின் வயல் சேற்றில் இறங்கித்தான் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். மூன்று வருடம் அலைந்து, சர்வேயரைக் கூட்டி வந்து அளந்து, அங்கே புறம்போக்குப் பாதை ஒன்று வயலோடு சேர்க்கப்பட்டிருப்பதை நிரூபித்தார். கிராம சபையில் தீர்மானம் போடுவதுதான் பாக்கி.

அந்த வாரம் பார்த்து எல்லையில் சண்டை மூண்டது. சபை கூடியதும் மிராசுதார் எழுந்தார்.

"நாடே சண்டையில நிக்குது. இப்பப் போயி பாதை, வாய்க்கால்னு பேசுறது நல்லாருக்கா? எதிரிய அடியோட ஒழிக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு தீர்மானம் போடுங்க. மத்ததெல்லாம் ஒத்தி வைங்க."

கைதட்டல் ஓய்ந்ததும் தலைவரம்மா மெல்லச் சொன்னார். "பட்டாளத்துப் புள்ளைங்க நல்லாருக்கணும்னு எழுதுவோங்க. பாதையையும் எழுதுவோம். நிறுத்தாத, அடின்னு என் வாயால சொல்ல மாட்டேன். எம் மவன் அங்கதான் நிக்கிறான்."

"அப்பன்னா முதல் கை உங்க கையால்ல இருக்கணும்? நீங்க எந்த நாட்டுக்குத் தலைவரு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. பிறகு கைகள் எழுந்தன. தெற்குத் தெருக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே தூக்கினார்கள். அந்த ஊர் வாக்காளனே அல்லாத நானும் தூக்கினேன்.

மக்களாட்சி நாடுகள் எளிதில் போருக்குப் போகா, ஏனென்றால் பிள்ளையை அனுப்பப் போகிறவர்களிடமே அனுமதி கேட்க வேண்டும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். அன்று அனுமதி கேட்டார்கள்தான். தூக்கிய கைகளில் பிள்ளையை அனுப்பிய கை ஒன்றுகூட இல்லை.

சண்டை சில நாளில் நின்றுவிட்டது. ஒத்திவைத்த பாதை மட்டும் அப்படியே கிடந்தது. துரோகி என்ற பேச்சு தெருவெல்லாம் பரவியபின் அவர் கூட்டிய சபைக்கு ஆள் வரவில்லை. பதவிக்காலம் முடிந்தது. தலைவரம்மா மறுபடியும் நடவுக்குப் போனார்.

போன கார்த்திகையில் அவர் கணவர் இறந்துபோனார். மகன் விடுப்பில் ஓடி வந்தான். மிராசுதார் ரோட்டிலேயே அவனுக்குச் சால்வை போர்த்தி, கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அவன் முழங்கால் சேற்றில் தகப்பன் பாடையைச் சுமந்தபோது, "பயிர மிதிக்காம போங்கப்பா" என்று வரப்பிலிருந்து கத்தியதும் அவரேதான்.

கரையேறி வந்த பையன் கால் சேற்றை வழித்தபடி, துக்கத்துக்குப் போயிருந்த என்னிடம் கேட்டான். "ஏன் சார், எங்கம்மா தலைவரா இருந்தப்பவே இந்தப் பாதையப் போட்டிருக்கலாமே?"

"ஃபண்டு வரலப்பா" என்றேன்.